விட்டுப்போன ‘க்கு’

வளையலைக் கழற்றச் சொன்னபோதே வசுமதிக்கு எரிச்சல் தொடங்கிவிட்டது. குரல் கொடுக்கத்தானே கூப்பிட்டார்கள், கைக்கும் குரலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டதற்கு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வரிசை வரிசையான பொத்தான்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த இம்மானுவேல், சவுண்ட் இன்ஜினியராம், "மைக் எல்லாத்தையும் வாங்கிடும் ஆன்ட்டி, இப்ப உங்க சேலைகூடப் பேசுது" என்றான். பேசாமல் என்ன செய்யும், கஞ்சி போட்டு இஸ்திரி செய்த சேலை. சினிமா என்றார்களே என்று அலமாரியின் அடித்தட்டிலிருந்து உருவிக் கட்டிக்கொண்டு வந்தால், இது சன்னலே இல்லாத ஒரு பெட்டி. சுவர் முழுக்கப் பஞ்சு வைத்துத் தைத்த துணி, யாரோ மத்தியானம் தின்ற பரோட்டா சால்னாவின் வாசனை வெளியே போக வழி தெரியாமல் ஏ.சி. காற்றோடு சுற்றிச் சுற்றி வந்தது. வளையல்களைக் கைக்குட்டையில் முடிந்து மடியில் வைத்துக்கொண்டாள். கை வெறிச்சென்று போயிற்று. எதிரே திரையில் ஒருத்தி ஐந்து வயசுப் பெண்ணுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். சத்தம் கிடையாது, படம் மட்டும். பற்பசை விளம்பரத்துக்குப் போகவேண்டியவள் வழி தவறி வந்துவிட்ட மாதிரி ஒரு முகம். அவளுக்குத்தான் வசுமதி பேசவேண்டும். பிசையவே தெரியவில்லை பாவம், நுனி விரலால் திருநீறு எடுக்கிற மாதிரி எடுக்கிறாள். உருட்டி, நாலு விரலில் ஏற்றி, கட்டைவிரலால் உள்ளே தள்ளவேண்டும், தள்ளின கையோடு உதட்டோரத்துப் பருக்கையை வழித்து அதையும் உள்ளே அனுப்பவேண்டும், இதையெல்லாம் எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள். "அம்மா, ரெடியா?" என்று காதுக்குள் ஒரு குரல். ஹெட்போனில் மகள் நித்திலா. அந்தப் பக்கம் ஒரு பொத்தானை அழுத்தினால் மகள் வருவாள், விட்டால் போய்விடுவாள். வீட்டிலும் இப்படி ஒன்று இருந்திருந்தால் தேவலை என்று தோன்றியது, யார் கையில் பொத்தான் என்பதுதான் கேள்வி.

கதை வசுமதியுடையது. அதை யாரும் இல்லையென்று சொல்லமுடியாது, பேர் போட்டு அச்சில் வந்தது, குழந்தைகளுக்கான மாத இதழ் ஒன்றில், நடுப்பக்கத்தில், படத்தோடு. ‘ஆவன்னாப் பூதம்’. மலைக்குப் பின்னால் ஒரு பூதம், அதற்கு எழுத்தில் ஆவன்னா மட்டும்தான் தெரியும். அது வாயைத் திறந்து ஆ என்றால், யார் பேரைச் சொல்கிறோமோ அவர்கள் உள்ளே போய்விடுவார்கள். பஸ் போகும், தண்ணீர்த் தொட்டி போகும், கோயில் யானை போகும், நிலா போகும். உள்ளே, வயிற்றுக்குள், ஒரு ஊர். தெருவிளக்கு, ஐஸ் வண்டி, யாருக்கும் ஒரு குறையும் கிடையாது. ஓவியர் பூதத்துக்கு அரைக்கால் சட்டை மாட்டிப் பலாப்பழம் மாதிரி வரைந்திருந்தார், அது ஒன்றுதான் பிடிக்கவில்லை. அந்தக் கதையைத்தான் நித்திலா இப்போது படமாக எடுத்திருக்கிறாள், அவளுடைய முதல் படம். எதிர்வீட்டு சௌபாக்கியம் "பேத்தியைக் கூட்டிட்டு வர்றேன், எப்ப ரிலீஸ்?" என்று கேட்டதை மகளிடம் சொன்னால், "கூட்டிட்டு வரவேணாம்னு சொல்லும்மா, இது பெரியவங்க படம்" என்கிறாள். அரைக்கால் சட்டை பூதத்தில் பெரியவர்களுக்கு என்ன இருக்கிறது. பெரியவர்களுக்கு என்றால் ரத்தத்தை வைப்பார்கள், இல்லாவிட்டால் படுக்கையறையை வைப்பார்கள், இரண்டில் எது என்று பெற்ற பெண்ணிடம் எப்படிக் கேட்பது. எழுதினதைப் படிக்கக் கொடுத்தாள்தான், செங்கல் கனத்தில் ஒரு கட்டு. மூக்குக்கண்ணாடியைத் தேடி, அடுப்பைக் குறைத்து, உட்கார்ந்து, நாலு பக்கம் புரட்டுவதற்குள் பொறுமை போய்விட்டது. "உன் படம், நீ பார்த்துக்கோ" என்று திருப்பிக் கொடுத்தாள். அப்போது நித்திலா எதையோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. குக்கர் கத்தியது. நிஜமாகவே கத்தியதா, இல்லை இப்போது நானாகக் கத்தவிடுகிறேனா. போன வாரம் போன் செய்து, "மூணு பேரை வச்சுப் பேசிப் பார்த்துட்டேம்மா, யாருக்கும் அது வரலை, நீ வந்து பேசு" என்றாள். அது என்றால் எது என்று வசுமதி கேட்கவில்லை. பெருமையில் கேட்கத் தோன்றவில்லை.

உச்சரிப்பைத்தான் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டாள். திருச்சியில் கான்வென்ட் போர்டிங்கில் படித்தவள், எலோக்யூஷன் பேச்சுப் போட்டியில் வருஷா வருஷம் கோப்பை வாங்கினவள். சிஸ்டர் பிலோமினா கையில் பென்சிலோடு எதிரே நின்று, கடைசி எழுத்தை விட்டுவிட்டால் மேஜையில் டொக் என்று தட்டுவாள். முழுங்காதே, வசுமதி, எதையும் முழுங்காதே, கடைசி எழுத்துக்கும் உயிர் உண்டு. ஆனால் அது இங்கிலீஷுக்கு. தமிழ் பேசினால் அபராதம் போட்ட இடத்தில் தமிழின் கடைசி எழுத்துக்கு யார் பென்சில் தட்டினார்கள். அதே சிஸ்டர் சாப்பாட்டுக் கூடத்தில் வேறு ஆள். அங்கே முழுங்கவேண்டும். தட்டில் ஒரு துண்டு பீட்ரூட் மிச்சமிருந்தாலும் நகரமாட்டாள், கையைக் கட்டிக்கொண்டு நிழல் மாதிரி நிற்பாள், மற்றப் பிள்ளைகள் எல்லாம் எழுந்துபோன நீளப் பெஞ்சில் வசுமதி மட்டும் உட்கார்ந்திருப்பாள், பீட்ரூட் சிவப்பு சாக்ஸுக்குள் போய் ஒளிந்த நாளும் உண்டு. அந்தக் கூடத்தை அவள் வெறுத்தாள். வெறுத்ததையெல்லாம் பத்திரமாகப் பொட்டலம் கட்டி எடுத்துவந்து, கல்யாணமாகிப் பிள்ளை பெற்றதும் தன் சமையலறையில் பிரித்துவைத்தாள். நித்திலா சோற்றைக் கண்டால் உதட்டை இறுக்கிக்கொள்கிற பிள்ளை. அவளுக்காகத்தான் பூதம் வந்தது. உட்கார்ந்து எழுதின கதையா அது, கிண்ணத்தில் சோறு எவ்வளவோ கதை அவ்வளவு. சோறு தீர்ந்தால் நிலாவோடு முடியும், மிச்சமிருந்தால் மலையும் போகும், ரயிலும் போகும். பூதம் எப்படி வாயைத் திறந்துச்சு, எங்கே செஞ்சு காட்டு, ஆ. உள்ளே தள்ளு. அவ்வளவுதான் தந்திரம். பத்திரிகைக்கு அனுப்பும்போதுகூட முடிவு என்ன வைப்பது என்று தெரியாமல், எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள் என்று போட்டாள்.

பீப், பீப், பீப் என்று காதில் மூன்று தரம் அடித்தது, நாலாவது அடிக்கவேண்டிய இடத்தில் பேசவேண்டும். தாளில் இருந்தது: ஆ காட்டு. அப்பா ஒரு வாய். ஆ. யானை ஒரு வாய். ஆ. அத்தை ஒரு வாய். வசுமதி வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள். "நித்தி, டைப் அடிச்சவங்க யாரு? தப்புத் தப்பா அடிச்சிருக்காங்க. அத்தைக்கு ஒரு வாய்னு வரணும். ‘க்கு’ விட்டுப்போச்சு. எல்லா இடத்துலயும் விட்டுப்போச்சு." கண்ணாடிக்குள் நித்திலா இம்மானுவேலின் தோளைத் தாண்டிக் குனிந்தாள். "விட்டுப்போகலைம்மா. நீ அப்படித்தான் சொல்லுவே." "நான் ஏன் அப்படிச் சொல்றேன், அத்தை ஒரு வாய்னா அர்த்தமே வேறயில்லையா?" "ஆமா" என்றது காது. பொத்தான் விடுபட்டது. பீப், பீப், பீப். அப்பா ஒரு வாய், யானை ஒரு வாய், அத்தை ஒரு வாய், வேகமாக, மூச்சு விடாமல், ஆ ஆ என்று அதட்டலாக. வாய் அதுபாட்டுக்கு வேலை செய்தது. பற்பசைக்காரியின் உதடும் அதுவும் சேர்ந்தே மூடின. "முதல் டேக்லயே லிப் நின்னுடுச்சு ஆன்ட்டி" என்று இம்மானுவேல் கட்டைவிரலைக் காட்டினான்.

நின்றதா. ஆக, அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். முப்பது வருஷத்துக்கு முன்னால் விட்ட மூச்சுக்கு அளவெடுத்து இந்தப் பெண்ணின் உதட்டை அசைத்திருக்கிறார்கள், ‘க்கு’வுக்கு அதில் இடமே இல்லை. அவசரம். ஒன்பது மணிக்குப் புருஷன் சபேசன் வேலைக்குக் கிளம்பவேண்டும், டிபன் கட்டவேண்டும், ஹாலில் கட்டிலில் ராஜாத்தி அத்தைக்குக் கஞ்சி ஆறிக்கொண்டிருக்கும். யாருக்கு ‘க்கு’ சொல்ல நேரம். ராஜாத்தி சபேசனின் அக்கா, லால்குடியில் டீச்சர், கல்யாணம் செய்துகொள்ளாதவள், வயிற்றில் கட்டி என்று வைத்தியத்துக்காக வந்து ஹாலில் படுத்தவள். படுத்துக்கொண்டே ஊட்டுவதைப் பார்ப்பாள். "என்னடி, இன்னிக்கும் என்னை முழுங்கிட்டியா? உள்ளே ஊரு எப்படி இருக்கு? எனக்கு ஒரு வீடு பார்த்து வை" என்பாள். பிள்ளை சிரிக்கும். சிரித்ததா. சிரித்த மாதிரித்தான் ஞாபகம், ஆனால் ஞாபகத்தில் பிள்ளையின் முகம் வரவில்லை, வாய்தான் வருகிறது, திறந்த வாய், பால் பல், நாக்கு, வசுமதி பார்த்ததெல்லாம் அந்த ஓட்டையைத்தான். அத்தை நாளுக்கு நாள் இளைத்தாள். கழுத்தெலும்பு தெரிந்தது, மோதிரம் நழுவியது. பிள்ளை தேறினாள். பார்க்க வந்தவர்களிடம் வசுமதியே சொன்னாள், வாசலில் நின்று, நல்ல உரத்த குரலில், "அண்ணிதான் கரைஞ்சுட்டே போறாங்க. இவ பாருங்க, நல்லாத் தேறிட்டா." பிள்ளை காலருகே நின்றிருந்தாள். நின்றிருந்தாளா. நின்றிருப்பாள், எப்போதும் காலருகேதான் நிற்பாள். அப்படியானால் அதையும் கேட்டிருப்பாள். அந்த இடத்தில் நினைப்பு முட்டிக்கொண்டு நின்றது, மாடு தெருவில் நிற்கிற மாதிரி, எப்படி அதட்டியும் நகரமாட்டேன் என்றது.

"அடுத்த லூப், நீங்க பேசவேண்டிய துண்டு, கொஞ்சம் தள்ளி இருக்கு, ஓட்டிட்டுப் போறேன் ஆன்ட்டி" என்றான் இம்மானுவேல். படம் வேகமாக ஓடியது, சத்தமில்லாமல், எல்லோரும் எறும்பு மாதிரி விறுவிறுவென்று. ஒரு வீடு. வாசலில் நாற்காலிகள். ஹாலில் கட்டில் காலி. பெண்கள் தரையில் உட்கார்ந்து ஒருத்தர் தோளில் ஒருத்தர் சாய்ந்து அழுதார்கள், வேகத்தில் அது சிரிப்பு மாதிரி இருந்தது. அந்தச் சின்னப் பெண் பின்பக்கம் ஓடினாள், துவைக்கிற கல்லுக்குப் பின்னால். விரலைத் தொண்டைக்குள் விட்டாள். வாந்தியெடுத்தாள். எடுத்துவிட்டுக் குந்தி உட்கார்ந்து, அதற்குள் கையைவிட்டு, பருக்கை பருக்கையாக விலக்கி, எதையோ தேடினாள். இம்மானுவேலின் விரல் அந்த இடத்தில் ஒரு நொடி தயங்கியதோ என்னவோ, படம் அங்கே மெதுவானது, பெண் வாயசைத்தாள், என்ன சொன்னாள் என்பது வசுமதிக்குச் சத்தமில்லாமலே தெரிந்தது, அத்தை, வெளியே வா. பிறகு ஒரு கை வந்தது. வளையல் போட்ட கை. அறைந்தது. படம் மறுபடி வேகமெடுத்துக்கொண்டு ஓடியது.

அந்தக் கை இப்போது மடியில் வளையலில்லாமல் கிடந்தது. அன்றைக்கு வீடு நிறைய ஜனம். சபேசனின் பெரியப்பா குடும்பம் வந்து இறங்கிய நேரம், யாரோ "உம் பொண்ணு பின்னாடி அசிங்கம் பண்றா பாரு" என்றார்கள். போய்ப் பார்த்தால், சாவு வீட்டில், வந்தவர்கள் நடுவில், வாந்தியை அளைந்துகொண்டு. மானம் போகிறது என்றுதான் தோன்றியது. என்னடி பண்றே என்று கேட்டாளா. கேட்டாள். ஆனால் அறைந்த பிறகு கேட்டாள், அறைந்த பிறகு கேட்கிற கேள்விக்கு யார் பதில் சொல்வார்கள். அதற்கப்புறம் பிள்ளை வாயைத் திறக்கவில்லை. பூதத்தைக் கூப்பிட்டால் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மூக்கைப் பிடித்தாள் வசுமதி, மூக்கைப் பிடித்தால் வாய் திறக்கும், திறந்தால் தள்ளலாம். டாக்டர் பூச்சி மருந்து எழுதிக் கொடுத்தார். அதையும் தள்ளினாள். அப்பா ஒரு வாய் என்றபோது பிள்ளை வீறிட்டதும், அன்று சாயங்காலம் சபேசன் வீடு திரும்பும்வரை வாசல் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றதும், அப்பா மேல பாசம் பாரு என்று இவள் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்ததும். பாசமா. எண்ணிப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள், உள்ளே போனவர் வெளியே வருகிறாரா என்று. இந்தப் பெண் இன்றைக்கும் யார் கையாலும் வாங்கிச் சாப்பிடமாட்டாள். பிறந்தநாள் கேக்கை யாராவது வாயருகே கொண்டுவந்தால் முகத்தைத் திருப்பி, கையில் வாங்கிக்கொண்டு, எங்கேயோ வைத்துவிடுவாள். திமிர் என்று இவளே சொல்லியிருக்கிறாள், முகத்துக்கு நேராக, உறவுக்காரர்கள் நடுவில். வேறு என்னென்ன விட்டுப்போயிருக்கும். ஒரு ‘க்கு’ போனதற்கே இவ்வளவு என்றால், நாளெல்லாம் பேசுகிற வாய் இது, பேசிப் பேசியே வீட்டை ஓட்டின வாய், அவசரத்தில் எங்கெங்கே எதையெதை முழுங்கிற்றோ, அதையெல்லாம் அந்தக் காலருகே நின்ற பிள்ளை எப்படியெப்படிப் பொறுக்கி வைத்துக்கொண்டதோ. பெரியவங்க படம் என்று சொன்னாளே, இதைத்தான் போலிருக்கிறது. ரத்தமும் இல்லை படுக்கையறையும் இல்லை, ஒரு பிள்ளை சோறு தின்பது, அவ்வளவுதான், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டக்கூடாது. யாருக்கும் அது வரலைம்மா என்றாளே. அது. உச்சரிப்பு என்று நினைத்துக்கொண்டு கஞ்சிபோட்ட சேலையில் வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

"அம்மா, தண்ணி வேணுமா?" "வேணாம்." "இதுதான் கடைசி லூப். இதுல பொண்ணு வாய்ஸ் ஏற்கெனவே இருக்கு, ஹெட்போன்ல வரும். அவ பேசினதும் நீ சொல்லு." நித்திலாவின் குரலில் எதுவும் இல்லை, வேலை செய்கிறவர்களின் குரல். கண்ணாடியில் இவளுடைய முகமும் அந்தப் பக்கத்து மகளின் முகமும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து, மூக்கு எது யாருடையது என்று தெரியவில்லை. கேட்டுவிடலாம். நித்தி, அன்னிக்கு அத்தையைத்தான் தேடினியா. கேட்கலாம், நாலு வார்த்தை, ஆனால் மைக் எல்லாவற்றையும் வாங்கிவிடும், இம்மானுவேல் வேறு வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், வீட்டுக்குப் போய்க் கேட்கலாம், வீட்டுக்குப் போனால் குக்கர் கத்தும். திரையில் கிண்ணம் காலியாகியிருந்தது, ஒரே ஒரு உருண்டை. சின்னப் பெண் உதட்டை இறுக்கித் தலையைத் திருப்பினாள். தாளில் இருந்தது: ஒரே ஒரு வாய். கடைசி வாய்லதான் சத்தே இருக்கு. அத்தை ஒரு வாய். இதைச் சொல்லியிருக்கிறோம் என்பதில் வசுமதிக்கு இந்தத் தடவை சந்தேகமே வரவில்லை. எந்த வேளைக்கு, எந்தச் சோற்றுக்கு என்பதுகூடத் தெரிந்தது, பருப்பும் நெய்யும், அத்தை கண்ணை மூடிக்கொண்டு கட்டிலில் கிடந்த காலை. பீப், பீப், பீப். "போதும்மா" என்றது பிள்ளையின் குரல், காதுக்குள், மிகப் பக்கத்தில்.

"சரிடி கண்ணு. போதும்" என்றாள் வசுமதி.

சொன்னது முடிந்துபோயிற்று, ஆனால் திரையில் முடியவில்லை. பற்பசைக்காரியின் உதடு சத்தமில்லாமல் இன்னும் பேசிக்கொண்டே இருந்தது. பேசி முடித்ததும் அவள் கை உருண்டையைத் தூக்கி, பிள்ளையின் தாடையை அழுத்தி, உள்ளே தள்ளியது. இங்கே என்ன சொன்னால் என்ன, அங்கே கை போய்க்கொண்டேதான் இருக்கிறது. கடைசியில் இம்மானுவேல்தான், "லிப் நிக்கலை ஆன்ட்டி, வேற ஏதோ சொல்லிட்டீங்க" என்றான். நித்திலா கண்ணாடிக்குள் தலையைக் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள், பார்க்க அங்கே மேஜையைத் தவிர ஒன்றுமில்லை. பொத்தான் அழுத்துவதும் விடுவதுமாக இரண்டு மூன்று தரம் காதில் கிளிக் கிளிக் என்றது. பிறகு, "அம்மா. பேப்பர்ல இருக்கறதைச் சொல்லும்மா." அதட்டல் இல்லை. கெஞ்சுகிற மாதிரிகூட இருந்தது, இந்தப் பெண் தன்னிடம் எப்போது கடைசியாகக் கெஞ்சினாள் என்று யோசித்தால், அதுவும் ஒரு கிண்ணத்துக்கு முன்னால்தான்.

மறுபடி பீப். போதும்மா. வசுமதி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். ஒரே ஒரு வாய், கடைசி வாய்லதான் சத்தே இருக்கு, அத்தை ஒரு வாய். ஒரு எழுத்து கூட்டவில்லை, குறைக்கவில்லை. அந்தக் காலைநேரத்து அவசரம், அந்த அடக்கின கோபம், அன்பு மாதிரி இனிக்கிற அந்த மிரட்டல், எல்லாம் எங்கேயும் போகாமல் தொண்டையிலேயே காத்திருந்த மாதிரி வந்தது. உதடு மூடின இடத்தில் சொல்லும் முடிந்தது. "ஆன்ட்டி, எனக்கே பயமா இருக்கு, சூப்பர்" என்றான் இம்மானுவேல். "ஓகேம்மா" என்றாள் நித்திலா. விளக்கு போட்டார்கள். மடியில் கைக்குட்டை முடிச்சைத் தேடிக்கொண்டிருந்தபோது, பொத்தானை விட மறந்துவிட்டார்கள் போல, ஹெட்போனில் அந்தப் பக்கத்துப் பேச்சு கேட்டது. "முந்தின டேக்கைத் தூக்கிடவா மேடம்?" நாற்காலி கிறீச்சிட்டது. "வேணாம். இருக்கட்டும்." "அது எங்கயும் யூஸ் ஆகாதே மேடம், லிப்பே வேற." "தெரியும் இம்மானுவேல். இருக்கட்டும்." முடிச்சை அவிழ்க்கப் போன வசுமதி, வளையல் சத்தம் கேட்டால் பொத்தானை விட்டுவிடுவார்கள் என்று தோன்ற, கையை அப்படியே வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.